சிவப்புத் தாளும் நீலத் தாளும்

எங்கள் இயக்குநரின் மேசை இழுப்பறையில் எப்போதும் மூன்று டைகள் சுருண்டு கிடக்கும். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், மூன்றாவது இரண்டிலும் சேராத சாம்பல். வாஷிங்டனிலிருந்தோ அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஏதாவது ஒன்றிலிருந்தோ காணொளி அழைப்பு வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவர் அந்த இழுப்பறையைத் திறப்பார். அன்றைக்கு யாரோடு பேச்சு என்று தெரிந்துகொள்ள நான் நாட்காட்டியைப் பார்க்கத் தேவையில்லை, அவர் கை எந்த டைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். இடுப்புக்கு மேலே மடிப்புக் கலையாத சட்டையும் டையும் இருக்கும். கமெராவுக்குத் தெரியாத கீழ்ப்பாதியில் பழைய ஜீன்சும் பனிச் சப்பாத்தும். சாம்பல் டை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு பார்ட்டியும் ஒரே வீடியோ கால்ல வந்தா கட்டிக்க, அக்கா" என்றார். நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் அவர் அதைக் கட்டி நான் பார்க்கவில்லை.

அது ஒரு வெளிநாட்டுக் கார் நிறுவனம். எந்த நாட்டுடையது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. நாங்கள் அங்கே எழுதிய எந்தத் தாளிலும் அந்த நாட்டின் பெயர் வந்ததில்லை, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமையகம் கடலுக்கு அப்பால், தொழிற்சாலைகள் அமெரிக்காவின் தெற்கில், நாங்கள் பதினாறு பேர் மட்டும் மொன்றியலில், லாசாலில் ஒரு தளபாடக் கிட்டங்கிக்குப் பக்கத்துக் கட்டடத்தில். பன்னிரண்டு பேர் பொறியாளர்கள். மின்சாரக் காரின் பற்றரி எங்கள் ஊர்க் குளிரை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. மீதி நாலு பேர் ஆவணப் பிரிவு. நிறுவனம் வட அமெரிக்காவில் யாருக்கு என்ன எழுதினாலும் அது முதலில் எங்கள் மேசைக்கு வரும். இயக்குநர் தமிழ்நாட்டுக்காரர், பொறியியல் படித்துவிட்டு அரசியல்வாதிகளோடு பேசுகிற வேலைக்கு வந்து சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இந்த ஊரில் பிரெஞ்சு படித்து, ஆங்கிலத்தை உதறித் தட்டிச் சரிசெய்து, நாற்பது வயதில் அந்தக் கதிரைக்கு வந்தவள். அலுவலகத்தில் மற்றவர்கள் முன்னால் அவர் எனக்கு இயக்குநர். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன்.

வேலை என்னவென்றால், ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு தாள் எழுத வேண்டும். அமெரிக்காவின் இரண்டு கட்சிகளை நாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. சிவப்பு, நீலம், அவ்வளவுதான். ஒரே கார், ஒரே தொழிற்சாலை, ஒரே செய்தி. நீலத் தாளில் முதல் வரியிலேயே மின்சாரம் வரும், பிறகு சுத்தமான காற்று, பிள்ளைகளின் எதிர்காலம். சிவப்புத் தாளில் மின்சாரத்தை மூன்றாம் பந்திக்குத் தள்ளிவிட்டு, முதலில் இழுவைத் திறன், உள்ளூர் உருக்கு, படையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்த வேலை என்று தொடங்குவோம். தொழிற்சங்கம் என்ற சொல் இரண்டிலும் வராது. நீலத்துக்கு அது பிடிக்குமே என்று நான் ஆரம்பத்தில் கேட்டேன். பிடிக்கும், ஆனால் நம்முடைய தொழிற்சாலைகளில் அது இல்லை, ஏன் இல்லை என்று கேட்டுவிடுவார்கள் என்றார். ஒரு ஜூன் மாதம், தன்பாலீர்ப்பாளர்களின் மாதம் என்று, நிறுவனத்தின் சின்னம் இணையத்தில் வானவில் நிறத்தில் நின்றது. அடுத்த ஜூனில் அது வழக்கமான வெள்ளி நிறத்திலேயே இருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும், ஏன் முன்பு போட்டீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல இன்னொரு பதிலும் எழுதி வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு பதில்களும் நன்றாக வந்திருந்தன, வீணாகப் போய்விட்டனவே என்று எனக்கு மனவருத்தம்கூட இருந்தது.

இதையெல்லாம் இப்போது பெருமூச்சு விட்டுச் சொன்னால் அது வேஷம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சொல்லைத் தூக்கி நிறுத்திப் பார்த்து, இது யாருக்குக் குத்தும், யாருக்கு இனிக்கும் என்று நிறுப்பதில் ஒரு ருசி இருந்தது. இயக்குநர் அதில் கெட்டிக்காரர். நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டிய வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுத் திருப்பித் தருவார், அது சறுக்குமரத்தில் போவதுபோல் போகும். எந்தத் தாளையும் வாசித்து முடித்ததும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அவருக்குப் பிடிக்குமா?"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் மூலையிலிருக்கிற தெப்பனருக்குக் கோப்பி வாங்க நடப்போம். தெப்பனர் என்றால் இந்த ஊரின் தெருமுனைக் கடை. போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். அந்தப் பதினாலு நிமிடம்தான் எங்கள் தமிழ் நேரம். அலுவலகத்துக்கு ஆங்கிலம், மற்றவர்களோடு பிரெஞ்சு, நடையில் தமிழ். அந்த நடையில் அவர் வேறு ஆள். எந்த செனட்டர் காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அரை மணி நேரம் பேசினார், தலைமையகத்தில் யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்தத் தாளில் நாங்கள் எழுதியது முழுப் புளுகு, எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லுவார். "மேலிடத்துக்கு நாம ரெண்டு பக்கமும் நல்லவங்க அக்கா. ரெண்டு பக்கமும் நம்மள அவங்க ஆளுன்னு நினைக்கணும். எவனும் நம்மள நம்பணும்னு அவசியம் இல்ல" என்று ஒருநாள் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வருடங்களில் அவர் எனக்குத் தமிழில் சொன்ன எதுவும் பொய்யாகப் போனதில்லை. அதனால் என் மூளைக்குள் ஒரு கணக்கு தானாக விழுந்துவிட்டது: தாளுக்கு ஆங்கிலம், உண்மைக்குத் தமிழ். படித்த மனுஷி, ஐம்பது வயது, இப்படி ஒரு முட்டாள்தனமான கணக்கை எப்படி வைத்திருந்தேன் என்று இப்போது என்னையே அடிக்கலாம்போல் இருக்கிறது.

ஒரு வசந்த காலத்தில் தெற்கிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் ஒரு முறைநேர வேலையை, ஒரு ஷிப்டை, அப்படியே நிறுத்தினார்கள். அதற்கான தாளை நான்தான் எழுதினேன். வேலை நிறுத்தப்படுகிறது என்று எழுதக்கூடாது. "நாளைய தேவைக்கேற்ப எங்கள் பலத்தை இடம் மாற்றுகிறோம்" என்று ஒரு வரி எனக்குக் கிடைத்தது. இயக்குநர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசையில் தட்டினார். இரண்டு கட்சிக்கும் ஒரே வரி பொருந்துவது அபூர்வம், இது பொருந்தியது. தாளின் அடியில் தொடர்புக்கு என்று தவறுதலாக என் நேரடி இலக்கத்தைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை அந்த ஊரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். குரலை வைத்துப் பார்த்தால் என் வயதுதான். தாளை வாசித்துவிட்டாள், அதில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: நாளைக்கு நான் வேலைக்கு வரவேண்டுமா, வேண்டாமா? நான் தாளிலிருந்த வரியைத் திரும்பச் சொன்னேன். அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றைய கோப்பி நடையில் இதைச் சொன்னபோது இயக்குநர், "நீங்க கரெக்டாத்தான் செஞ்சீங்க" என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அமெரிக்காவில் ஆட்சி மாறியது, வெளியிலிருந்து வருகிற கார்களுக்கு வரி என்ற பேச்சு தொடங்கியது. திங்கட்கிழமை வரி உண்டு என்பார்கள், வியாழக்கிழமை தள்ளிவைத்தோம் என்பார்கள், அடுத்த கிழமை வேறொரு நாட்டுக்கு மட்டும் என்பார்கள். காலையில் அனுப்பிய தாளை மத்தியானம் திருப்பிக் கேட்டோம். இயக்குநரின் சிவப்பு டை கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. மின்சாரம் என்ற சொல் மூன்றாம் பந்தியிலிருந்து ஐந்தாம் பந்திக்குப் போய், பிறகு காணாமலே போனது. பற்றரியைக் குளிரில் வைத்துப் பார்க்கிற பன்னிரண்டு பேர் அதைக் கவனிக்காமல் இருப்பார்களா? சமையலறையில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள், இல்லாவிட்டால் என்னிடமே கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் நம்பவில்லை. அஹுன்ட்சிக்கிலிருக்கிற எங்கள் வீட்டில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. ஒரு கையில் கோப்பை, மறுகையில் போன், குசினிக்கும் முன்னறைக்கும் நடைதான். "அமெரிக்காக்காரன்ர செய்தி பார்த்து நீ ஏன் காய்ச்சல்காரி மாதிரித் திரியிறாய்?" என்று கணவர் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இன்னொரு வேலை வந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர், நிரந்தரம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் ஏறக்குறைய அதேதான். ஆனால் நான் எழுதுவதை இரண்டு விதமாக எழுதத் தேவையில்லாத இடம். ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒன்று இன்னொரு தரம் வராது என்பது எனக்குத் தெரியும். இந்த அலுவலகம் நிற்குமானால் நான் போகமாட்டேன், இங்கே எனக்குப் பதின்மூன்று வருடம். மூடப்படுமானால் இன்றைக்கே போகவேண்டும். இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

புதன்கிழமை கோப்பிக்கு நடக்கும்போது கேட்டேன். நடைபாதையில் பனி உருகிக் கறுத்த சேறாகக் கிடந்தது, இருவரும் கீழே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தோம்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. நான் போறதோ, இருக்கிறதோ?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "எங்க?"

சொன்னேன். எந்தத் திகதிக்குள் என்று கேட்டார், அதையும் சொன்னேன். தெப்பனர் வாசல் வந்துவிட்டது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இருங்க அக்கா. எங்கயும் போக வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கோப்பி நான்தான் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அழகான பிரெஞ்சில்.

அடுத்த புதன்கிழமை பத்தரை மணிக்கு, பொறியாளர்களில் ஒருவன் தன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆவணப் பிரிவுக்குள் வந்தான். எங்கள் பெரிய தொழிற்சாலை இருக்கும் மாநிலத்தின் செனட்டர் ஒரு கூட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். கனடாவுக்குப் போயிருந்த வேலைகளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன் என்றார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னார், மொன்றியலையும் சொன்னார். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். நாங்கள் பதினாறு பேரும்தான் கூட்டிவரப்பட்ட வேலைகள், எங்கள் அலுவலகம் மூடப்படுகிறது என்று விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை சொல்வதாகத்தான் ஏற்பாடு இருந்ததாம். செனட்டருக்கு அதுவரை பொறுமை இல்லை. பதினொரு மணிக்கு இரண்டு தாள்களும் என் திரைக்கு வந்தன, அமெரிக்காவுக்கு ஒன்று, எங்கள் மாகாணமான கியூபெக்குக்கு ஒன்று. அந்த நிறுவனத்தில் நான் எழுதாத முதல் தாள்கள் அவைதான். இயக்குநரே எழுதியிருந்தார். கியூபெக் தாளின் இரண்டாவது வரி: "நாளைய தேவைக்கேற்ப எங்கள் பலத்தை இடம் மாற்றுகிறோம்."

நான் கோபக்காரி. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரத் தாமதமாயிற்று, முதலில் வந்தது வெட்கம். அந்த வரியை வாசிக்கும்போது தெற்கிலிருந்து பேசிய பெண்ணின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டது. பிறகுதான் எழுந்து போனேன். அவர் வாகனத் தரிப்பிடத்தில், காருக்குப் பக்கத்தில், கோட் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குப் போன கிழமையே தெரியும், என்ன?"

"தெரியும்."

"என்னை ஏன் இருக்கச் சொன்னனீங்கள்?"

அவர் ஒளிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "நீங்க கிளம்பியிருந்தா ஏன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. பதிமூணு வருஷம் இருந்தவங்க திடீர்னு போறாங்கன்னா எஞ்சினியர்ஸ் சும்மா இருப்பாங்களா? நியூஸ் வெளிய போயிருக்கும். செனட்டர் சொல்றதுக்கு முன்னாடி பேப்பர்ல வந்தா வரியில சலுகை தர்ற டீலே போயிடும். எனக்கு வேற வழி தெரியல அக்கா."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருப்பனோ?"

"மாட்டீங்க. ஆனா போயிருப்பீங்க" என்றார்.

 செனட்டர் முதலில் சொல்லட்டும் என்பதற்காக என் வாழ்க்கையின் ஒரு கிழமையை இந்த மனிதர் பிடித்து வைத்திருக்கிறார். ஒரு கிழமைதான் அவருக்குத் தேவைப்பட்டது, எனக்குப் போனது மிச்ச வருடங்கள். அதே நேரம் அவர் உதடு குளிரில் நீலம் பாரித்து நடுங்கியது, உள்ளே போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கலாமா என்றும் ஓர் எண்ணம் வந்தது. கொடுக்கவில்லை.

அவருக்கு வாஷிங்டனில் பதவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. மனைவி வீட்டை விற்கிற ஆயத்தத்தில் இருந்தாராம், பெரிய மகளின் பாடசாலைக்கும் சின்னவளின் கார்தெரிக்கும், அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கும், சொல்லியாகிவிட்டதாம். இரண்டு மாதத்தில் அந்தப் பதவி தெற்குத் தொழிற்சாலையின் மேலாளர் ஒருவருக்குப் போனது. பரந்த விளிம்புத் தொப்பி, மாட்டுத்தோல் சப்பாத்து, எங்கள் இயக்குநர் எழுதிக் கொடுக்கிற வரிகளை அப்படியே ஒப்பிக்கிற ஆள். இன்றைய வாஷிங்டனுக்கு எந்த முகம் பிடிக்கும் என்று தலைமையகம் நினைத்துப் பார்த்திருக்கிறது. எத்தனையோ பேருக்கு எது பிடிக்கும் என்று விரல் நுனியில் வைத்திருந்தவருக்கு, தன்னைப் பற்றியும் மேலே யாரோ இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றவில்லை. கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? நல்ல சந்தோஷம், இரண்டு நாள் நின்றது.

இப்போது நான் வில்லரேயில் ஒரு சமூக நிலையத்தில், வாரத்தில் மூன்று நாள், புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பெயர், பிறந்த திகதி, வந்த திகதி. ஒரு பெட்டிக்கு ஒரு பதில். மருத்துவமனை வேறு ஆளை எடுத்துவிட்டது, நான் மறுபடி கேட்டுப் பார்த்தேன். வேலை அமைதியானது, நான்தான் அமைதியாக இல்லை. மெட்ரோவில் இருக்கை கிடைத்தாலும் உட்கார முடிவதில்லை. வரி பற்றிய செய்தி வந்தால் இன்றைக்கும் கை தானாகப் போனுக்குப் போகிறது, எனக்கும் அதற்கும் இனி என்ன சம்பந்தம் என்று தெரிந்தும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், ஒரு பெண் அழைத்தார். இந்த ஊர்ப் பேருந்து உற்பத்தி நிறுவனம் ஒன்றின் ஆளணிப் பிரிவு, வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள். எங்கள் பழைய இயக்குநர் அவர்களிடம் விண்ணப்பித்திருக்கிறார், இறுதிச் சுற்றில் இருக்கிறார், சான்றுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். என்னைக் கேட்காமல் கொடுத்திருக்கிறார், நான் நன்றாகச் சொல்வேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டவற்றுக்கெல்லாம் உண்மையாகவே நல்ல பதில் சொன்னேன். கெட்டிக்காரர், களைக்காமல் வேலை செய்வார், யாரோடும் குரல் உயர்த்தியதில்லை. கடைசியாக அவர் கேட்டார்: "அவர் ஒரு வாக்குக் கொடுத்தால் நீங்கள் நம்புவீர்களா?"

எனக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் படிவம் பாதி நிரப்பிக் கிடந்தது. "அவர் வேலையை எப்போதும் நம்புவேன்" என்றேன். "வாக்கை ஒரு தடவை நம்பினேன்."  அந்தப் பெண் எழுதிக்கொள்கிற சத்தம் வந்தது. ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று எனக்கு நானே அன்று பலமுறை சொல்லிக்கொண்டேன். எந்தச் சொல் எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

பத்து நாள் கழித்து இயக்குநரே அழைத்தார். வாகனத் தரிப்பிடத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நலம் விசாரித்தார், கணவரின் முழங்கால் வலி எப்படி என்று ஞாபகமாகக் கேட்டார். பிறகு, "அது கிடைக்கல அக்கா. கடைசி வரைக்கும் வந்து போச்சு" என்றார். "உங்ககிட்ட கால் பண்ணினாங்களா?"

"பண்ணினவை."

"நீங்க நல்லாத்தானே சொன்னீங்க?"

"ஓம் தம்பி. நல்லாத்தான் சொன்னனான்."

"தெரியும் அக்கா. நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. வேற யாரோ கெடுத்துட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், சின்னவள் இப்போது வீட்டில் பிரெஞ்சு மட்டும்தான் பேசுகிறாளாம். அவராக வைக்கும் வரைக்கும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, குசினிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.